சொல்லாமல் விழுந்த அடி

கிழக்கு வெளுக்கத் தொடங்கும்போது எங்கள் ஐஸ் கம்பெனியில் முதல் ஐஸ் பார் பலகையில் இறங்கும். உப்புத்தண்ணீர்த் தொட்டியில் முங்கிக் கிடக்கும் தகரப் பெட்டிகளைச் சங்கிலி போட்டுத் தூக்கி, சாதாரணத் தண்ணீரில் ஒரு முக்கு முக்கிக் கவிழ்த்தால், உள்ளேயிருந்து ஐஸ் பார் வழுக்கிக்கொண்டு வெளியே வரும். மேலே நிற்பவன் அதைக் கொக்கியால் இழுத்துச் சறுக்குப் பலகையில் விட வேண்டும். கீழே வண்டிக்குள் நிற்பவன் அதைப் பிடித்து இடுப்பால் திருப்பி அடுக்க வேண்டும். கேட்க இவ்வளவுதான். கல்யாணம் என்பதுகூடக் கேட்க ஒரு வார்த்தைதான்.

காலில் சாக்கைச் சுற்றிக் கட்டியிருப்போம். நனைந்த சாக்கு கொஞ்ச நேரத்தில் பலகை மாதிரி விறைத்துவிடும். நெஞ்சில் வியர்வை ஓடும், விரல் நுனியில் உயிர் இருக்காது. அமோனியா நெடி கண்ணைப் பிடுங்கும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் எல்லோரும் அழுவார்கள். நெடியால் அழுகிறானா, நிலைமையால் அழுகிறானா என்று கேட்டு யாரையும் நாங்கள் சங்கடப்படுத்துவதில்லை.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. பாரை விடுகிறவன், விடுவதற்கு முன்னால் "வருதோய்!" என்று குரல் கொடுக்க வேண்டும். வண்டிக்குள் குனிந்திருப்பவன் நிமிர்ந்து பார்ப்பதில்லை. குரல் கேட்டதும் இடது காலை ஓரமாக இழுத்துக்கொள்வான். கால் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டு பார் போகும். எங்கள் கூட்டத்தில் திருடன் இருந்திருக்கிறான். குடிகாரன் இருந்திருக்கிறான். மாமனாரின் பல்லை உடைத்தவன் ஒருத்தன்கூட இருந்தான். சொல்லாமல் பாரை விட்டவன் இருந்ததில்லை. கம்பெனி எங்களுக்குக் கொடுத்திருக்கும் லைன் வீட்டுக் குழந்தைகள் 'அம்மா' என்பதற்கு முன்பே 'வருதோய்' என்று சொல்லும். நான் தூக்கத்தில் புரண்டு படுக்கும்போதும் குரல் கொடுத்துவிட்டுத்தான் புரளுவேன். என் பெண்டாட்டியும் தூக்கம் கலையாமல் காலை இழுத்துக்கொள்வாள்.

நானும் ஒரு காலத்தில் பார் இழுத்தவன்தான். இப்போது வழுக்காமல் இருக்கத் தரையில் மரத்தூள் தூவுகிறேன். நேரில் எல்லோருக்கும் நான் பெரியப்பா. முதுகுக்குப் பின்னால் 'அளப்பு'. நான் சொன்னதில் எதை இவர்கள் நம்பவில்லை என்றால், என் பல் விஷயத்தை. என் மேல்வரிசைப் பல் ஒன்று பெட்டித் தண்ணீரில் விழுந்து, ஐஸோடு உறைந்து, ஒரு பெரிய ஓட்டலுக்குப் போய்விட்டது. அங்கே பழரசம் குடித்த பணக்காரர் ஒருவர் வாயில் அது நறுக்கென்று ஓட்டையில் போய் உட்கார்ந்துகொண்டது. இன்றைக்கும் அவர் என் பல்லால்தான் சிரிக்கிறார். கண்ணால் பார்க்காத எதையும் நான் சொல்வதில்லை. அவரை மட்டும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

போகட்டும். பெரியவன், சின்னவன் கதைக்கு வருகிறேன்.

இருவரும் அண்ணன் தம்பி. தாய் தகப்பன் இல்லை. சின்னவனுக்கு மூக்கு ஒழுகிய காலத்திலிருந்து பெரியவன்தான் எல்லாம். பலகைக்கு மேலே பெரியவன், கீழே சின்னவன். அவர்கள் வேலை செய்தால் நான் தூவும் மரத்தூளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றுவிடுவேன். ஒருவன் மூச்சு விடுவான், மற்றவன் அதை இழுப்பான். குதிகால் தரையை விட்டு எழும்பாது. ஈரத்தரையில் காலைத் தூக்கினவன் மல்லாந்துவிடுவான், அதனால் நாங்கள் எல்லோருமே தேய்த்துத் தேய்த்துத்தான் நடப்போம். இந்த நடைதான் பெரியவனைப் பழைய தொட்டிக்குக் கொண்டுபோனது.

கம்பெனியின் தரைக்கு அடியில் ஒரு பழைய தொட்டி இருக்கிறது. ஓட்டை விழுந்ததால் கைவிட்டது. ஆள் உயரத்துக்கும் கூடுதலான ஆழம். நான்கு பக்கமும் துருப்பிடித்த இரும்புச் சுவர், நக்கிப் பார்த்தால் உப்புக் கரிக்கும். மூடியிருக்கும் பலகைகளை ஞாயிற்றுக்கிழமை மதியம் எடுத்துவிடுவார்கள். முதலாளியின் நண்பர்கள் விளிம்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, எங்கள் ஐஸை மிதக்கவிட்டுக் குடித்துக்கொண்டே, குழிக்குள் இரண்டு பேர் ஒருவரையொருவர் அடித்துச் சாய்ப்பதைப் பார்ப்பார்கள். கையில் சாக்குக் கிழிசல் சுற்றிக்கொள்ளலாம். வேறு விதி கிடையாது. மேலே கம்ப்ரசர் ஓடுகிற சத்தத்தில், எலும்பு முறிந்தாலும் தெருவுக்குக் கேட்காது.

கம்ப்ரசர் ஆபரேட்டர் எங்களோடு சேர மாட்டார். படித்து வந்தவர், தனியாகச் சாப்பிடுவார், எங்களை "ஏய்" என்பார். குழிப்பக்கம் எட்டிப்பார்த்ததே இல்லை. அவர் இயந்திரம்தான் அலறலையெல்லாம் மூடுகிறது என்று அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று எங்களுக்குத் தெரியாது.

கூலி தேய்ந்துகொண்டே வந்தது. இந்த வருஷத்துக் கூலி போன வருஷத்துக் கூலிக்குத் தம்பி, அதற்கு முந்தைய வருஷத்துக்குப் பேரன். குழியில் ஜெயித்தவனுக்கு வாரம் முழுக்க வேலை, தோற்றவனுக்குப் பாதி வாரம். அதனால்தான் இறங்கினார்கள். வெறியால் இறங்கியவன் ஒருவனும் இல்லை. மேலே மணியாகத் தொங்கிய இரும்புக் குழாயைத் தட்டுவது என் வேலை, குழிக்குள் மரத்தூள் தூவுவதும்.

பெரியவன் ஒரு தடவைகூடத் தோற்றதில்லை. வெளியூரிலிருந்து கூட்டிவந்த தேர்ந்த சண்டைக்காரர்கள்கூட அவனிடம் நிற்கவில்லை. அவர்கள் காலைத் தூக்கி உதைப்பார்கள். இவன் குதிகால் தேய்த்தபடி உள்ளே நுழைவான். ஓங்கி வரும் கையை மணிக்கட்டில் பிடிப்பான். ஐஸ் பாரைத் திருப்புகிற மாதிரி இடுப்பை ஒரு திருப்பு. வந்தவன் தன் வேகத்திலேயே சுவரில் போய் ஒட்டிக்கொள்வான். ஒருத்தன் ஒட்டியது ஒட்டியதுதான், சுரண்டித்தான் எடுத்தோம். துருவோடு அவன் மீசையும் கொஞ்சம் இன்னும் அங்கே இருக்கிறது, வந்தால் காட்டுகிறேன்.

பிறகு சங்கிலி அறுந்தது.

பெட்டி தூக்குகிற சங்கிலியின் ஒரு கண்ணி தேய்ந்து நூலாகிவிட்டது என்று மேஸ்திரியிடம் சொல்லாதவர் இல்லை. "பாத்துக்கலாம்" என்றார். சங்கிலி மட்டும் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. ஒரு விடியற்காலை, தண்ணீர் உறைந்த பெட்டியோடு அது பெரியவனின் இடது கையில் வந்து இறங்கியது. அவன் கத்தவில்லை. கையைப் பார்த்தான், பிறகு கீழே பார்த்து, "தம்பி, பாரை விடல, காலை அப்படியே வெச்சுக்கோ" என்றான். அதற்கப்புறம்தான் விழுந்தான்.

கட்டுப் பிரித்தபோது விரல்கள் இருந்தன. மடங்கவில்லை.

கட்டுப் பிரித்த மறுநாளே முதலாளி இருவரையும் கூப்பிட்டார். நான் வாசலில் மரத்தூள் தூவிக்கொண்டிருந்தேன். தேவையான அளவுக்கும் அதிகமாகவே தூவினேன்.

"கை எப்படிடா இருக்கு?"

"இருக்குதுங்க முதலாளி."

"இருக்கறது தெரியுது. கொக்கி பிடிக்குமா?"

பெரியவன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். சின்னவன் பேசினான். "அண்ணன் வேலையையும் சேத்து நானே செய்யறேங்க."

"நல்ல தம்பி. அப்போ அண்ணன் எதுக்கு?"

"சங்கிலி உங்களுதுங்க, முதலாளி."

"கை உங்க அண்ணனுது" என்றார் முதலாளி. கோபமே இல்லாமல் சொன்னார். கோபப்பட்டிருந்தால் தேவலை. "லைன் வீடு வேலை செய்யறவனுக்குத்தான். ஒத்தக் கையனுக்கு இல்ல. ஆனா நான் கல்நெஞ்சக்காரன் இல்ல. வர்ற ஞாயித்துக்கிழமை பெரிய ஆளுங்க வர்றாங்க. பாத்த சண்டையே பாத்து அலுத்துப்போச்சாம் அவங்களுக்கு. நீங்க ரெண்டு பேரும் இறங்குங்க."

"யாரோட?"

"ஒருத்தனோட ஒருத்தன்."

சின்னவன் சிரித்துவிட்டான், பாவம். வேடிக்கை என்று நினைத்தான்.

"ஜெயிச்சவனுக்கு வேலையும் வீடும். தோத்தவன் நிழல்கூட லைன் வீட்டுல விழக்கூடாது, சொந்தம் பந்தம்னு உள்ள வெச்சுக்கிட்டா ஜெயிச்சவனும் வெளியே. இறங்கலேன்னா இப்பவே ரெண்டு பேரும் மூட்டையைக் கட்டுங்க."

பெரியவனுக்குப் பெண்டாட்டி இருக்கிறாள், மார்பில் பால் குடிக்கும் பிள்ளை இருக்கிறது. வெளியே வேலை கேட்டுப் போனால் முதலில் கையைத்தான் பார்ப்பார்கள். இருவரும் தலையை ஆட்டினார்கள். குனிந்த தலை ஆடினால் அதற்குச் சம்மதம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

சனிக்கிழமை காலை நான் குழிக்குள் மரத்தூள் தூவிக்கொண்டிருந்தேன். மேலே விளிம்பில் முதலாளி ஒரு விருந்தாளியோடு நின்று கையை நீட்டி நீட்டி எதையோ காட்டிக்கொண்டிருந்தார். கம்ப்ரசர் இரைச்சலில் கத்தினால் ஒழிய ஒன்றும் கேட்காது. ஆனால் அந்த இரைச்சலிலேயே ஆயுளைக் கழித்த எங்களுக்கு உதட்டைப் படிக்கத் தெரியும். முதலாளி சொன்னது இது: புது இயந்திரம் வருகிறது. துண்டு துண்டாக ஐஸை அதுவே கொட்டும், லோடுமேனே வேண்டாம். அதை வைக்க இடம் வேண்டும், லைன் வீட்டை மொத்தமாக இடிக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எவன் ஜெயித்தால் என்ன?

ஓடினேன். என் முழங்காலுக்கு அது ஓட்டம்தான். டீக்கடையில் எல்லோரும் இருந்தார்கள். சொன்னேன்.

"உதட்டைப் படிச்சீங்களா?" என்றான் நோஞ்சான். எங்கள் கூட்டத்திலேயே ஒல்லியானவன் அவன். காற்றடித்தால் பாரைக் கட்டிப்பிடித்துக்கொள்வான். "முதலாளி மீசைக்குக் கீழ உதடு இருக்கறதே யாருக்கும் தெரியாது. நீங்க படிச்சீங்களாக்கும்!"

"சத்தியமாடா."

"பல்லு மேலயா?"

கடை முழுக்கச் சிரிப்பு. சின்னவன் சிரிக்கவில்லை. ஆனால் அவனும் என் தோளைத் தட்டி, "வேற நாளா இருந்தா நானும் சிரிச்சிருப்பேன் பெரியப்பா. இன்னிக்கு அளக்காதீங்க" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டான்.

அன்று சாயங்காலம் பெரியவன் என்னைத் தேடி வந்தான். சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டான்.

"பெரியப்பா, ஒரு உதவி. தோக்கணும். பாக்கறவன் நம்பற மாதிரி எப்படி விழறது?"

"உனக்கு ஏண்டா அது?"

"நான் ஜெயிச்சு என்ன பண்ண? இந்தக் கையோட ஒரு மாசம் ஓட்டுவேனா? அப்புறம் எப்படியும் துரத்துவாரு. அவனாவது உள்ள இருக்கட்டும். நான் அவளையும் பிள்ளையையும் கூட்டிக்கிட்டு எங்கேயாவது போயிடறேன்."

"எங்கேயாவதுன்னா?"

"எங்கேயாவதுன்னா எங்கேயாவதுதான்."

நான் சொல்லிக்கொடுத்தேன். வலது தோள் முதலில் தரையில் பட வேண்டும். பிறகு ஒரு முனகல். பிறகு கண்ணில் வெள்ளை தெரிய வேண்டும். மூன்று தடவை விழுந்து காட்டினான். மூன்றாவது தடவை எனக்கே பதறியது.

அவன் போய்க் கொஞ்ச நேரத்தில் சின்னவன் வந்தான். அவனும் சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டான்.

"பெரியப்பா, நம்பற மாதிரி விழறது எப்படி? நான் தனி ஆளு, வண்டிக்கு அடியில படுத்துக்குவேன். அண்ணி எங்க போவாங்க? பிள்ளைக்கு இருமல் வேற."

என்ன செய்வது? இவனிடம் ஒரு நியாயம், அவனிடம் ஒரு நியாயம். பொய் சொல்லத் தெரிந்தவன் என்று இருவரும் என்னைத்தான் தேடி வந்தார்கள். வலது தோள், முனகல், வெள்ளை விழி. எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான், அதையே இவனுக்கும் சொல்லிக்கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். நாற்காலிகள் நிறைந்துவிட்டன. விருந்தாளிகள் வாசனைக் கைக்குட்டையை மூக்கில் வைத்திருந்தார்கள். எதிர் விளிம்பில் லோடுமேன்கள் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்திருந்தார் முதலாளி. பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும் என்பதற்காக. பெரியவன் செத்த கையில் சாக்கை மொத்தமாகச் சுற்றியிருந்தான். பல்லால் முடிச்சைக் கடித்து இறுக்கச் சிரமப்பட்டான். சின்னவன் கிட்டே போய் முடிச்சைப் போட்டுவிட்டுத் தன் இடத்துக்குத் திரும்பினான். விருந்தாளிகளில் ஒருவர் "அடடா" என்றார்.

குழாயைத் தட்டினேன்.

சின்னவன் குதிகால் தேய்த்தபடி வந்தான். தோள் பின்னுக்குப் போனது, முஷ்டி இறுகியது.

"வருதோய்!"

அவனுக்கே தெரியாமல் வந்துவிட்டது. பெரியவனின் இடது காலும் அவனைக் கேட்காமலேயே ஓரம் போனது. குத்து காற்றைக் கிழித்துக்கொண்டு காதோரம் போய்விட்டது. மேலே விளிம்பில் 'சரக்' என்று ஒரு சத்தம். லோடுமேன்கள் அத்தனை பேரும் இடது காலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நானும்தான்.

பெரியவன் திருப்பிக் கொடுத்தான். "வருதோய்!" முழங்கை வந்தது. சின்னவன் இல்லை. "வருதோய்!" தாழ்வாக ஒரு கால் வீச்சு, மரத்தூள் பறந்தது. சின்னவன் அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விட்டான். பெரியவன் அவன் மணிக்கட்டைப் பிடித்து இடுப்பைத் திருப்பினான். எத்தனையோ பேரைச் சுவரில் அப்பிய அந்தத் திருப்பு. சின்னவன் குழியை ஒரு சுற்றுச் சுற்றி, பார் தன் இடத்துக்கு வந்து நிற்கிற மாதிரி, அண்ணனுக்கு எதிரிலேயே வந்து நின்றான். ஆயிரம் விடியற்காலைகள் சேர்ந்து செய்தவர்களை அடித்துக்கொள்ளச் சொன்னால் வேறென்ன வரும்? விருந்தாளிகள் முதலில் விசிலடித்தார்கள். பிறகு முணுமுணுத்தார்கள்.

அப்புறம் ஒருவரையொருவர் தொட்டும் தொடாமலும் ஒரு தட்டுத் தட்டிக்கொண்டார்கள். ஒரே நொடியில் இருவரும் விழுந்தார்கள். வலது தோள். முனகல். வெள்ளை விழி. கண்ணாடியில் பார்த்த மாதிரி இரண்டு தோல்வி. தொழில்முறையில் எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் முதலாளி எழுந்துவிட்டார்.

"எழுந்திருங்கடா! என்ன, கூத்தா கட்டறீங்க?" கழுத்து நரம்பு புடைக்கக் கத்தினார். "இன்னொரு தடவை அந்த 'வருதோய்' சத்தம் கேட்டுச்சு, ரெண்டு பேரும் இந்த நிமிஷமே வெளியே. குழந்தை குட்டியோட. அடிக்கறதுன்னா சொல்லாம அடி!"

இருவரும் எழுந்தார்கள். மூச்சு வாங்கியது. பெரியவன் தம்பியைப் பார்த்தான். அவன் உதட்டை நான் படித்தேன். மேலே நின்ற எல்லோரும் படித்தோம்.

"சொல்லாம அடிடா."

"முடியாதுண்ணே."

"என்னால இந்தக் கையை வெச்சு அடிக்க முடியாது. உன்னால முடியும். ஒருத்தனாவது உள்ள இருக்கணும். உங்க அண்ணி மேல ஆணை."

பெரியவன் தலையைக் குனிந்துகொண்டான், வண்டிக்குள் நிற்பவன் குனிகிற மாதிரி. அவன் மேலே நிற்பவன். அவன் குனிந்து நின்று நாங்கள் பார்த்ததே இல்லை.

சின்னவன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான்.

குரல் வரவில்லை. அதனால் கால் நகரவில்லை. தாடைக்கும் காதுக்கும் நடுவில் விழுந்தது. பெரியவன் பின்னால் சாய்ந்தான். இரும்புச் சுவரின் ஆணித்தலையில் மண்டை மோதிய சத்தம் கம்ப்ரசரையும் மீறிக் கேட்டது. சரிந்து உட்கார்ந்து, பக்கவாட்டில் விழுந்தான்.

நான் சொல்லிக்கொடுத்தபடி அவன் விழவில்லை. இடது தோள்தான் முதலில் பட்டது. முனகலே இல்லை.

நாற்காலிகளில் கைதட்டல். சின்னவன் அண்ணன் தலையை மடியில் தூக்கிவைத்து உலுக்கினான். காதிலிருந்து ரத்தம் வழிந்து மரத்தூளில் உருண்டை உருண்டையாகத் திரண்டது. "வண்டி! வண்டி எடுங்க! ஆஸ்பத்திரிக்குப் போகணும்!"

"ஞாயித்துக்கிழமை வண்டி ஏது?" என்றார் முதலாளி. "தண்ணி தெளி, எழுந்திருப்பான். சாயங்காலத்துக்குள்ள உங்க அண்ணன் சாமானை வெளியே எடுத்து வை." பிறகு விருந்தாளிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சின்னவனிடம், "நீயும் உன் சாமானை ரொம்பப் பரப்பி வைக்காதே. அடுத்த வாரம் மொத்த லைனையும் இடிக்கறேன்" என்றார். சத்தமாகத்தான் சொன்னார். உதட்டைப் படிக்கத் தேவையில்லை.

லோடுமேன்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். டீக்கடையில் சிரித்த வாய்கள் அப்படியே திறந்திருந்தன. நான் சொன்ன ஒன்று உண்மையாகிப்போனதற்கு என் வாழ்நாளில் இவ்வளவு அழுகை எனக்கு வந்ததில்லை.

நோஞ்சான் அதற்குள் லைன் வீட்டுக்கு ஓடியிருந்தான். பெரியவனின் பெண்டாட்டி வந்தாள். மாவுக் கை, இடுப்பில் பிள்ளை. பெண்கள் யாரும் அந்தக் குழியைப் பார்த்ததில்லை. அவள் விளிம்பில் ஒரு கணம் நின்றாள். பிள்ளையை என் கையில் கொடுத்துவிட்டு ஏணியில் இறங்கினாள். புருஷன் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். சேலைத் தலைப்பைக் கிழித்துக் காதில் அழுத்தினாள். பிறகு நிமிர்ந்து கொழுந்தனைப் பார்த்தாள்.

"யாரு அடிச்சது?"

"நான்தான் அண்ணி."

"சொல்லிட்டு அடிச்சியா?"

"இல்ல அண்ணி. சொல்லல."

அவள் கை ஓங்கியது. அவன் முகத்தை நகர்த்தாமல் காட்டிக்கொண்டு நின்றான். ஓங்கிய கை அவன் தலையில் இறங்கி அங்கேயே தங்கிவிட்டது.

"யாரு சொல்ல வேண்டாம்னது?"

சின்னவன் மேலே பார்த்தான். அவளும் மேலே பார்த்தாள். பிறகு நாங்கள் எல்லோரும் பார்த்தோம். முதலாளி கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார்.

"மேல வாங்க எல்லாம். அடுத்த ஜோடி யாரு? ஆளுங்க காத்திருக்காங்க இல்ல?" என்றார் மேஸ்திரி.

அடுத்த ஜோடியாக இறங்கியவன் நோஞ்சான். அவன் ஒரு நாளும் சண்டை போட்டதில்லை. எதிராளியாக யாரையும் கூப்பிடவுமில்லை. இறங்கிப் போய்ப் பெரியவனின் கால்மாட்டில் நின்றுகொண்டான். அவனுக்குப் பின்னால் இன்னொருவன். அப்புறம் இருவர். ஏணி முனகியது. போன மாதம் குழிக்குள் ஒருவன் விலா எலும்பை ஒருவன் முறித்தானே, அவர்கள் இருவரும் அடுத்தடுத்து இறங்கி ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்துகொண்டு நின்றார்கள். வேறு வழியில்லை, இடம் அவ்வளவுதான்.

"யாரைக் கேட்டு இறங்கறீங்க? சண்டை எப்படி நடக்கும்?"

"இடமில்லீங்க மேஸ்திரி" என்றான் நோஞ்சான். "குழி ரொம்பிப்போச்சு."

நான் மணியடிக்கும் கம்பியை ஒரு கையிலும் பிள்ளையை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு, மடங்காத முழங்காலோடு ஏணியில் இறங்கினேன். நான்கு கைகள் என்னை வாங்கிக்கொண்டன. கம்பி கீழே வந்துவிட்டதால் இனி யாரும் மணியடிக்க முடியாது என்பதை மட்டும் பணிவோடு முதலாளிக்குத் தெரிவித்தேன்.

முதலாளி கையை அசைத்தார். மேஸ்திரி ஏணியை மேலே இழுத்துவிட்டார்.

"அங்கேயே கிடங்க" என்றார் முதலாளி. "பசிச்சா கூப்பிடுவீங்க. ஏணி என்கிட்ட இருக்கு."

நெஞ்சுக்கு நெஞ்சு இடித்துக்கொண்டு நின்றோம். பெரியவனின் முகம் வெளுத்துக்கொண்டே போனது. அவன் நெஞ்சு ஏறுகிறதா இல்லையா என்று கம்ப்ரசர் அதிர்வில் சொல்ல முடியவில்லை. ஆஸ்பத்திரி தெரு முனையில்தான் இருக்கிறது. எங்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு ஏணி. எனக்குச் சொல்ல ஒரு கதையும் வரவில்லை. அப்போதுதான் பயமாக இருந்தது.

அவள்தான் பேசினாள். உட்கார்ந்தபடியே, இரைச்சலுக்கு மேல் உயர்ந்த, அழாத குரலில்.

"தொட்டி நிறைய ஐஸ் நிக்குது முதலாளி. நாளைக்கு விடிஞ்சா யாரு எடுப்பா?"

"மெஷின் வருது."

"வர்றவரைக்கும்?"

அவர் கைக்கடிகாரத்தை மறுபடி திருகினார்.

"எங்களுக்குக் காத்திருந்து பழக்கம்" என்றாள். "உங்க சரக்குக்கு அந்தப் பழக்கம் இல்ல."

அந்த நேரத்தில்தான் அது நடந்தது. காதை யாரோ பொத்திவிட்ட மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது, பொத்தியிருந்ததை எடுத்திருக்கிறார்கள். கம்ப்ரசர் நின்றுவிட்டது.

என் நினைவு தெரிந்து அது நின்றதில்லை. தண்ணீர் சொட்டுவது கேட்டது. ஒரு விருந்தாளியின் கண்ணாடி டம்ளரில் ஐஸ் விரிசல் விடுவது கேட்டது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடிப்பதுகூடக் கேட்டது. அப்படியென்றால் நாங்களும் தெருவுக்குக் கேட்போம். விருந்தாளிகளுக்கு இது எங்களைவிட முன்னால் உறைத்திருக்க வேண்டும். நாற்காலிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் நகர்ந்தன.

ஆபரேட்டர் விளிம்புக்கு வந்தார். பஞ்சுக் கழிவால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். குழிக்குள் எட்டிப் பார்த்தார், முதல் தடவையாக. பார்த்துக்கொண்டே இருந்தார்.

"யோவ், மெஷினைப் போடு!" என்றார் முதலாளி.

ஆபரேட்டர் போய்விட்டார். திரும்பி வந்தபோது சறுக்குப் பலகையை இழுத்துக்கொண்டு வந்தார். அதைத் தூக்க எங்களில் இருவர் வேண்டும், ஒற்றை ஆளாக இழுத்து வந்தார். நுனியைக் குழிக்குள் இறக்கினார். "ஏய்" என்றார், வழக்கம்போல. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "தம்பிகளா, இதுல படுக்க வைங்க. நான் மேல இருந்து இழுக்கறேன்" என்றார்.

வேலை என்றதும் கைகளுக்குத் தானாகத் தெரிந்துவிட்டது. பெரியவனைப் பலகையில் கிடத்தினோம். சாக்கை விரித்துத் தலைக்கு அணை கொடுத்தோம். இத்தனை காலம் அந்தப் பலகை எல்லாவற்றையும் மேலிருந்து கீழேதான் விட்டது. இப்போது கீழிருந்து மேலே தள்ள வேண்டும். சின்னவன் அண்ணன் தலைப்பக்கம் தோளைக் கொடுத்தான். மற்றவர்கள் ஒருவர் முதுகை ஒருவர் தாங்கினோம். மேஸ்திரி ஏணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், யாரும் அதைக் கேட்கவில்லை.

தள்ளப் போகும் நேரத்தில் அவள் கையைக் காட்டி நிறுத்தினாள்.

"சொல்லுங்க. சொல்லிட்டுத் தள்ளுங்க. இனிமே நம்ம ஆளு யாரும் சொல்லாம எதையும் செய்ய வேண்டாம்." மேலே முதலாளியைப் பார்த்தாள். "உங்களுக்கும் சொல்லிடறோம். நாளைக்குக் காலையில ஒரு பாரும் இறங்காது. லைன் வீட்டுல ஒரு செங்கல்லும் இறங்காது. காலை ஓரமா வெச்சுக்கோங்க."

சின்னவன் மூச்சை இழுத்தான். சற்று முன்னால் வராத குரல் வரவேண்டிய இடத்தில் அடைத்துக்கொண்டு நின்றது. பிறகு வந்தது.

"வருதோய்!"

அத்தனை பேரும் சேர்ந்துகொண்டோம். "வருதோய்!" இரும்புச் சுவர் அதை வாங்கி இன்னொரு தடவை சொன்னது. என் தோளிலிருந்த பிள்ளைகூடத் தன் மழலையில் எதையோ சொன்னது. தெருவில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. வாசல் கேட்டை யாரோ தட்டினார்கள், பிறகு பலர் தட்டினார்கள்.

புது இயந்திரம் இனிமேல்தான் வரப்போகிறது. இடிக்கிறவனும் வருவான். நாளைக்கு எங்கள் அடுப்பில் என்ன வேகும் என்று எனக்குத் தெரியாது. நான் சொல்வதில் பாதியை நீங்கள் தள்ளிவிடுவது வழக்கம்தான். பல் கதையை வேண்டுமானால் தள்ளிவிடுங்கள். சுவரில் ஒட்டிய மீசையையும் விட்டுக்கொடுக்கிறேன். இதை மட்டும் தள்ளாதீர்கள், என் இரண்டு கண்ணாலும் கிட்டத்தில் நின்று பார்த்தேன்.

நாங்கள் குரல் கொடுத்தபோது, கண் மூடிப் பலகையில் கிடந்த பெரியவனின் இடது கால், மெதுவாக, ஓரமாக நகர்ந்தது.